தொளாயிரம் பாருக்குக் கிழக்கே

ஹெட்போனில் அந்தச் சத்தம் விழுந்தபோது நான் பூரி தின்றுகொண்டிருந்தேன்.

அலுமினியத் தாளில் சுற்றிய நான்கு பூரி, ஒரு கரண்டி உருளைக்கிழங்கு. விமானத்தில் எங்களுக்குக் காலைச் சாப்பாடு அதுதான். நாங்கள் பிரிக்கும்போது எண்ணெய் உறைந்து வெள்ளையாகியிருக்கும். இடது கையில் பூரியும் வலது கையில் ரிசீவரின் திருகுமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் இருக்கைக்கு ஜன்னல் கிடையாது. தகரத்தில் சாரல் அடிக்கிற சத்தத்தை வைத்துத்தான் வெளியே மழை என்று தெரியும். காலை ஆறே முக்கால் இருக்கும்.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்... பிறகு சின்னதாக ஒரு தடங்கல். மறுபடியும் கிர்ர்.

கப்பலின் ரேடார் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் அலை எங்கள் விமானத்தைத் தொட்டுப் போகிற ஒவ்வொரு முறையும் காதில் இப்படி ஒரு கீறல் கேட்கும். சுற்று சீராக இருந்தால் கீறலும் சீராக விழும். இந்தக் கப்பலுக்கு மட்டும் மூன்று சுற்றுக்கு ஒரு தரம் தடுக்கியது. எங்கேயோ ஒரு பல்சக்கரம் தேய்ந்திருக்க வேண்டும்.

பக்கத்து இருக்கையில் இருந்த பானர்ஜி சிரித்தார். "திக்குவாயன் வந்துவிட்டான்," என்று இந்தியில் சொன்னார்.

இரண்டு நாளுக்கு முன்புதான் இதே சத்தத்தைத் தொடர்ந்து போய், விமானம் தாழ இறங்கி, அந்தக் கப்பலைக் கண்ணால் பார்த்து உறுதி செய்திருந்தோம். சரக்குக் கப்பல். துருவேறிய கரும்பச்சை உடம்பு. பின்புறத்தில் எழுதியிருந்த பெயரை விமானி படித்துச் சொல்ல, நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

சத்தம் வந்த திசையைக் குறித்தேன். கொஞ்ச தூரம் பறந்த பிறகு மறுபடியும் குறித்தேன். இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தில் கப்பல் இருக்கிறது என்று அர்த்தம். வரைபடத்தில் புள்ளி வைத்தபோது மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். என் ஊர் தூத்துக்குடிக்கு நேர் எதிரே, தொளாயிரம் பாருக்குக் கிழக்கே. பார் என்றால் கடலடியில் கிடக்கிற பாறைத்திட்டு. ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்த இடங்கள். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருடமாகியும், எங்கள் ஆட்களுக்குக் கடலில் முகவரி என்றால் அந்தப் பார்களின் பெயர்தான்.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. என் மகளுக்கு அன்று ஞானஸ்நானம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டில் இந்நேரம் எல்லோரும் எழுந்திருப்பார்கள், பிள்ளை அழுதுகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது அந்தச் சத்தம் நின்றது.

திருகை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். இல்லை.

"இந்த மழையில் எவனாவது ரேடாரை அணைப்பானா?" என்று கேட்டேன். பானர்ஜி உதட்டைப் பிதுக்கினார். அரைமணி நேரம் கழித்து, நன்றாகத் தெற்கே தள்ளி, அதே தடங்கலோடு அது மறுபடியும் வந்தது.

தரையிறங்கியதும் லாக் புத்தகத்தில் நேரங்களையும் திசைகளையும் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல, "குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காது மட்டும் உள்ள விமானம்

கடற்படையில் நான் கழித்த வருடங்களைப் பற்றி இத்தனை வாரமாக எழுதியும், விமானத்தில் என்ன வேலை பார்த்தேன் என்பதை இதுவரை சொல்லவில்லை என்று ஒரு வாசகர் கோபமாக எழுதியிருந்தார். உண்மைதான். சொல்லாமல் பழகிவிட்டது.

எங்கள் ஸ்குவாட்ரனுக்கு மின்னணுப் போர் என்று பெரிய பெயர். பெயரைக் கேட்டால் குண்டு போடுவோம் என்று தோன்றும். எங்கள் விமானத்தில் ஒரு துப்பாக்கித் தோட்டாகூட இருந்ததில்லை. கடலில் போகிற, கரையில் நிற்கிற ரேடார்களின் சத்தத்தைக் கேட்பது, எது எவனுடையது என்று எழுதி வைப்பது, தேவைப்பட்டால் அதைக் குழப்புவது. இதில் நூற்றில் தொண்ணூறு பங்கு கேட்பதுதான்.

பிரிவு தொடங்கிய காலத்தில் இருந்தவை சரக்கு ஏற்றி ஓய்ந்துபோன இரண்டு பழைய விமானங்கள். அவற்றின் தரையில் இரும்புச் சட்டம் அடித்து, நான்கு ரிசீவர்களைப் பூட்டினார்கள். எழுதுவதற்கு மேஜை இல்லை. முதல் கமாண்டர் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ஒரு பெஞ்சை அறுத்துக் கொண்டுவந்து மாட்டினாராம். நான் போய்ச் சேர்ந்தபோதும் அந்தப் பெஞ்சு இருந்தது. அதில் யாரோ கத்தியால் கீறிய சீட்டாட்டக் கணக்கும் இருந்தது.

உள்ளே எப்போதும் சூடான தூசி வாசனை. மண்ணெண்ணெய் வாசனை. மூலையில் எவனாவது வாந்தி எடுத்திருப்பான், அந்த வாசனை. ஏழெட்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். கீழே இறங்கினாலும் காதுக்குள் கீறல் ஓயாது. பிலோமினாவைக் கல்யாணம் செய்த புதிதில், அவள் பேசும்போது நான் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்து, எனக்குக் காது மந்தம் என்று தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு விமானம் திரும்பி வரவில்லை. நான் சேருவதற்கு முன்னால் நடந்தது. ஐந்து பேர். அவர்களுடைய பெயர்களைக் கல்லில் வெட்டி, பிரிவின் வாசலில் வைத்திருக்கிறார்கள். வருடம் தவறாமல் அந்த நாளில் எல்லோரும் வரிசையில் நிற்போம். மாலை வைப்போம். எங்கள் ஸ்குவாட்ரன் தன் ஆட்களை மறந்ததில்லை.

சேரும்போதே ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். எங்கே பறந்தோம், எதைக் கேட்டோம் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. மனைவியிடமும்தான். அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் போட்டேன். ஆகவே பின்னால் நடந்ததற்கு, எனக்குத் தெரியாமல் மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.

சுவர் மாதிரி வந்தது

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தளத்துக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. என் மச்சான், பிலோமினாவின் அண்ணன் கஸ்பார், டிரைவராகப் போன மீன்பிடி லாஞ்சு மூழ்கிவிட்டது. நான்கு பேர் போனதில் கஸ்பார் மட்டும் உயிரோடு கிடைத்திருக்கிறான். ஞானஸ்நானத்துக்குக் கொடுக்காத லீவை இதற்குக் கொடுத்தார்கள்.

கஸ்பார் ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தான். டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாலைந்து மணி நேரம் மிதந்தவனை ஒரு நாட்டுப்படகு பார்த்து ஏற்றியிருக்கிறது. டீசலும் உப்பும் சேர்ந்து நெஞ்சுத் தோல் உரிந்துபோயிருந்தது. என்னைக் கண்டதும் தலையை மட்டும் தூக்கினான்.

"மாப்ள, கப்பலு மாப்ள," என்றான். "ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். நீயாவது கேளு."

"சொல்லுங்க மச்சான்."

"மழை ஓங்கி அடிக்கி. ஒண்ணும் தெரியல. கூட வந்த சூசை முன்னால நிக்கான். ஏ கஸ்பாருன்னு ஒரு சத்தம் போட்டான் பாரு. நிமிந்து பாக்கேன், சுவரு மாதிரி வருது. கரும்பச்சைச் சுவரு. ஹாரன் அடிக்கல, ஒண்ணும் அடிக்கல. நம்ம லாஞ்சு அப்படியே உள்ள போயிட்டு."

"எங்கன வச்சு?"

"தொளாயிரம் பாருக்குக் கிழக்க."

"மணி என்ன இருக்கும்?"

"ஏழு இருக்காது. ரேடியோல அப்பதான் பாட்டு முடிஞ்சுது."

நான் அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வார்டில் யாரோ ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு ஆகாது.

இரண்டு உடல்கள் கரை சேர்ந்தன. சூசை கிடைக்கவில்லை.

மூன்றாவது பெஞ்சு

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஞானஸ்நானத்தில் என் மகளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் கஸ்பார்தான். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் விருந்து. பிலோமினா கையால் சமைத்தது. ஆண்கள் குடித்தார்கள், கஸ்பாரும் இரண்டு கிளாஸ் குடித்தான். சாயங்காலமே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான் என்று அவன் மனைவி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குடித்த மயக்கத்தில் வீலைப் பிடித்தபடி தூங்கியிருக்கிறான், அலையில் படகைக் கவிழ்த்துவிட்டுக் கப்பல் கதை சொல்கிறான் என்றார்கள்.

விசாரித்த அலுவலகமும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் கப்பல் எதுவும் போனதாகத் தகவல் இல்லை என்று எழுதியது. ஓட்டியவரின் கவனக்குறைவு.

கோயிலுக்குப் பின்னாலிருந்த ஹாலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கஸ்பாரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டை போட முடியாமல் துண்டைப் போர்த்தியிருந்தான். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன்.

சூசையின் மனைவி ரோசம்மா எழுந்து வந்தாள். கல்யாணமாகி நாலு வருடம்தான் ஆகியிருந்தது அவளுக்கு.

"கப்பலாம் கப்பல்!" என்றாள். "ஒருத்தனுக்கும் தெரியாத கப்பல் உன் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்சுதோ? எம் புருசன் முழிச்சிருந்தாருலா, அவருகிட்ட வீலைக் குடுத்திருந்தா என்ன? குடிச்சுப்போட்டுத் தூங்கிட்டு வந்து, கப்பலுங்கான்!"

கஸ்பார் ஒரே ஒரு தடவை, "கப்பலு வந்துது தாயி," என்றான். அவள் அவன் முகத்துக்கு நேரே துப்பினாள். துண்டின் மேல் விழுந்தது. அவன் துடைக்கவில்லை.

எனக்குக் கப்பலின் பெயர் தெரியும். மோதிவிட்டு ஒளிந்துகொள்ள எந்த நிமிடத்தில் அது ரேடாரை அணைத்தது என்று தெரியும். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். கையெழுத்துப் போட்ட காகிதம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன், கைக்குழந்தை இருக்கிறது என்றெல்லாம் ஒரே மூச்சில் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

தளத்துக்குத் திரும்பியதும் கமாண்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். லாக் புத்தகத்தை வரவழைத்து, நான் சொன்ன நேரங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"நீ சொல்வதை நம்புகிறேன்," என்றார். "ஆனால் அன்றைக்கு நாம் அங்கே பறந்தது நமக்கு மட்டும்தான் தெரியும். நான் மேலே எழுதுகிறேன். பதில் வரும்வரை நீ பேசாதே."

அவர் எழுதினாரா, எழுதியது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. நான் நினைவூட்டவில்லை. மொட்டைக் கடுதாசி எழுதலாம் என்று ஒருமுறை ஒரு கார்டு வாங்கினேன். கப்பலின் பெயரை எழுதிவிட்டு, கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து கிழித்துப்போட்டேன். அதற்குப் பிறகு கார்டுகூட வாங்கவில்லை.

வீட்டுக்குள் நடந்தவை

கஸ்பார் அதன்பிறகு கடலில் இறங்கவில்லை. அவனைக் கூட்டிப்போக எந்தப் படகும் தயாராக இல்லை என்பதும் உண்மை. கொஞ்ச நாள் உப்பளத்தில் வேலை பார்த்தான். அங்கேயும் பேச்சு வந்தது. கடற்கரை ஆட்கள் யாரும் இல்லாத சாயர்புரத்துக்குக் குடிபோனான். மரக்கடையில் வாட்ச்மேன். அவனுக்குப் பெண் கொடுத்த வீட்டார்கூடப் போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

பிலோமினா எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு விருந்து என்று ஒன்று வைத்ததில்லை. மகளின் புதுநன்மைக்கு, அவள் முதன்முதலில் நற்கருணை வாங்கிய அன்று, அக்கம்பக்கம் கேக் கொடுத்ததோடு சரி. கல்யாணத்தைக்கூட மண்டபத்தில் வைத்து, சமையலை வெளியாளிடம் விட்டுவிட்டாள். "என் கையால ஆக்கிப் போட்டது மூணு உசிரை எடுத்துட்டு," என்று ஒரு தடவை சொன்னாள். நான் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஸ்குவாட்ரன் மட்டும் வளர்ந்தது. பழைய விமானங்கள் போய்ப் புதியவை வந்தன. கம்ப்யூட்டர் வந்தது. ரேடாரின் சத்தத்தை யாரும் காதால் கேட்க வேண்டியதில்லை, திரையில் எழுத்தாக வரும். நான் சேகரித்த நோட்டுகள், கரும்பச்சைக் கப்பலின் பெயர் இருந்தது உட்பட, ஒரு பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பானர்ஜி மாரடைப்பில் இறந்தார். நான் ஓய்வுபெற்று மில்லர்புரத்தில் வீடு கட்டிக் குடிவந்தேன்.

அந்த ஒரு பக்கம்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு பார்சல் வந்தது. பிரிவின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பழைய ஆட்களில் எழுதத் தெரிந்தவன் என்று என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். தொடக்க காலத்தைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுத வேண்டும். உதவிக்கு லாக் புத்தகங்களின் ஜெராக்ஸ் கட்டு.

கட்டைப் புரட்டுகையில் அந்தத் திங்கட்கிழமை வந்தது. என் கையெழுத்து. அப்போதெல்லாம் அழகாக எழுதுவேன். நேரங்கள், திசைகள். "குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை."

பெஞ்சை அறுத்த கதையையும் வாந்தியையும் கல்லில் வெட்டிய ஐந்து பெயர்களையும் எழுதினேன். கடைசியில் ஒரு பக்கம் அந்தக் காலையைப் பற்றி எழுதினேன். கப்பல், நேரம், மூன்று பேர் இறந்தது, எல்லாம். அனுப்பிவிட்டு, போலீஸ் வரும் என்றே எதிர்பார்த்தேன். பிலோமினாவுக்கு பேங்க் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்றுகூடக் காட்டிவைத்தேன்.

வந்தது ஒரு போன்தான். புத்தக வேலையைப் பார்க்கிற இளம் அதிகாரி. குரலில் அவ்வளவு மரியாதை.

"சார், அருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடலாமா?"

"ரகசியம் என்பதாலா?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "ரகசியமா? ஒரு வணிகக் கப்பலின் ரேடார்தானே சார். அந்தக் கருவிகள் எல்லாம் இப்போது காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்க்கிறார்கள். இது விழாப் புத்தகம், அந்தப் பக்கம் கொஞ்சம் சோகமாக இருக்கிறது. அவ்வளவுதான்."

"அப்படியென்றால் வெளியே சொல்லலாமா?"

"தாராளமாக. எனக்குத் தெரிந்து ரொம்ப நாளாகவே சொல்லலாம் சார். நீங்கள் கேட்கவில்லையா?"

நான் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு எத்தனையோ முறை தளத்துக்குப் போயிருக்கிறேன். மாலை வைத்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

சொன்னது

முதலில் பிலோமினாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

"அப்ப நம்ம வீட்டு விருந்துல ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

"இல்ல."

"இதை எத்தனை வருசமா வச்சிருந்திய?"

அவளே கணக்குப் பண்ணினாள். "நம்ம பிள்ளைக்கு எத்தனை வயசோ அத்தனை வருசம்," என்றாள். மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து மகளின் அறையில்தான் படுக்கிறாள். சோறு வைக்கிறாள், கூப்பிட்டால் பதில் சொல்கிறாள். அதற்குமேல் இல்லை.

மறுநாள் சாயர்புரம் போனேன். கஸ்பார் மரக்கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. பேசப் பேச நடுவில் நிறுத்தாமல் கேட்டான்.

"கப்பலுக்குப் பேரு என்ன?"

சொன்னேன். அவன் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். சரியாக வரவில்லை.

"பொம்பளை பேரு மாதிரி இருக்கு," என்றான். பிறகு, "இப்ப எங்கன கிடக்கு அது?"

"உடைச்சு இரும்புக்குப் போட்டிருப்பாங்க மச்சான். பழைய கப்பல்."

தலையாட்டினான். மரம் அறுக்கிற மெஷின் ஓடத் தொடங்கி, நின்றது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"கூட்டத்துல நீ மூணாவது பெஞ்சுல இருந்த. உன் வாய் அசைஞ்சுது, நான் பாத்தேன். இவனுக்கு என்னமோ தெரியும்னு அன்னைக்கே நினைச்சேன். தங்கச்சி பாவம்னு விட்டுட்டேன்."

மரக்கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன்.

"இப்ப எதுக்குலே என்ட்ட வந்து சொல்லுத?" என்றான். அத்தனை வருடத்தில் அவன் என்னை மாப்பிள்ளை முறை விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் அங்கன இருந்தேம்லா? கப்பலு வந்துதுன்னு எனக்குத் தெரியாதா? அவகிட்ட போய்ச் சொல்லு."

ரோசம்மா கோயிலுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். முட்டு வலி. பேத்தியின் யூனிபாரத்துக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். என்னை விட வயதில் மூத்தவள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"நீ அப்ப மேல இருந்தியா?"

"ஆமாக்கா."

"நேரா மேலயா?"

"இல்ல, தள்ளி. ஆனா அந்தப் பக்கந்தான்."

"கீழ ஆளு தண்ணில கிடந்து கத்துனா உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காதுக்கா. எங்க மெஷினுக்கு ரேடார் மட்டுந்தான் கேக்கும்."

"அவருக்கு நல்லா நீச்சல் தெரியும்," என்றாள். "கஸ்பாரு அஞ்சு மணி நேரம் கிடந்தான்லா. எம் புருசனும் கொஞ்ச நேரமாவது கிடந்திருப்பாரு."

அன்று தரையிறங்கிய உடனே, இந்தக் கப்பல் ஏன் ரேடாரை அணைத்தது, அந்த இடத்தை யாராவது போய்ப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அவளும் அந்த எண்ணத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"என்னைய நாலு வார்த்தை வையுங்கக்கா," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள்.

"உன்னைய வஞ்சா உனக்கு மனசு லேசாயிரும். அது உனக்கு எதுக்கு? போ," என்றாள். ஊசியை எடுத்துக்கொண்டாள்.

நவம்பர்

அடுத்த சனிக்கிழமை பிலோமினா கொடுத்துவிட்ட குழம்புத் தூக்கோடு சாயர்புரம் போயிருந்தேன். கஸ்பார் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு கிழவி காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். பக்கத்தில் வந்த பிறகுதான் ரோசம்மா என்று தெரிந்தது. கஸ்பார் எழுந்து நின்றான். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"மாப்ள, நீ வீட்டுக்குப் போ," என்றான் என்னைப் பார்க்காமல்.

பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தூத்துக்குடி பஸ் போனது. என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை.

இறந்தோர் திருநாள் பூசைக்கு இந்த வருடம் கஸ்பார் வந்தான். எங்கள் கோயிலுக்குள் அவன் நுழைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிலோமினா பெண்கள் பக்கத்தில் முன்னால் இருந்தாள்.

யார் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று குடும்பத்தார் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். ரோசம்மா ஒவ்வொரு வருடமும் கொடுக்கிற சீட்டு எனக்கு மனப்பாடம். கடலில் காணாமல் போன சூசை. அத்தனை வருடமும் அதே நான்கு வார்த்தைகள்.

சாமியார் இளைஞர், ஊருக்குப் புதியவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. சீட்டைப் பிரித்து, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார்.

"கப்பல் மோதி இறந்த சூசைக்காகவும், அவருடன் இறந்த இருவருக்காகவும்."

கோயிலில் பலர் ரோசம்மா பக்கம் திரும்பினார்கள். பிறகு, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். கஸ்பார் தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் மேல் இரண்டு கையையும் வைத்து, அதில் நெற்றியைக் கவிழ்த்திருந்தான். பூசை முடிந்து, ஆட்களெல்லாம் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கோயிலில் விளக்கை அணைக்க வந்தபோதும் அவன் தலையைத் தூக்கவில்லை.